கேட்டவரின் சாட்சி

வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கையில் யாருக்காவது சிங்களத்தில் ஒரு கடிதம் வந்தால், அதை எடுத்துக்கொண்டு நேராகப் போவது சரோஜினிதேவி அக்கா வீட்டுக்குத்தான். பொலிஸ் பதிவுப் படிவமோ, தண்ணீர் வெட்டப்போகிறோம் என்ற அறிவித்தலோ, எதுவானாலும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்துச் சொல்லுவார். பதில் எழுத வேண்டுமென்றால் எழுதியும் தருவார். எழுதி முடித்ததும் அதைத் தமிழில் ஒருமுறை சொல்லிக் காட்டி, "இதைத்தானே சொல்ல நினைச்சனீங்கள்?" என்று கேட்பார். நாங்கள் ஓம் என்ற பிறகுதான் காகிதத்தை மடிப்பார்.

அவருடைய தகப்பன் புகையிரத நிலைய அதிபராக இருந்தவர். மாகோ, கல்கமுவ, பொல்கஹவெல என்று தண்டவாள ஓரத்துக் குவார்ட்டர்ஸ்களில்தான் அக்காவின் சிறுபிராயம் கழிந்தது. கூட விளையாடிய பிள்ளைகள் எல்லோரும் சிங்களப் பிள்ளைகள். அதனால் அவருக்குச் சிங்களம் கடையில் பேரம் பேசுகிற அளவோடு நிற்கவில்லை. கோபத்தையும் பகிடியையும் அந்தப் பாஷையில் அவரால் சொல்ல முடியும். எழுபத்தேழாம் ஆண்டு அரசாங்க மொழிபெயர்ப்பாளர் சோதனையில் தேறி உத்தியோகத்துக்குப் போனார். கலியாணம் சரிவரவில்லை. தங்கை நாகேஸ்வரி இளவயதிலேயே புருசனைப் பறிகொடுத்துவிட்டு வீட்டில் கணக்கு டியூசன் கொடுத்தாள். இரண்டு பேரும் ஒரு மேல்மாடி ஃப்ளாட்டில் இருந்தார்கள். நான் இரண்டு வீடு தள்ளி என் அம்மாவோடு இருந்தேன். ஒரு இன்சூரன்ஸ் கம்பனியில் எனக்கு வேலை.

தொண்ணூற்றைந்தாம் ஆண்டு முடிவில் அக்காவுக்கு ஒரு கடிதம் வந்தது. விசேட கடமைக்காக வேறொரு இடத்தில் இணைக்கப்பட்டிருக்கிறார் என்று அதில் இருந்தது. எந்த இடம் என்று கடிதத்தில் இல்லை. காலையில் ஒரு வான் வந்து காலி வீதியில் ஏற்றிப்போகும் என்று தொலைபேசியில் சொன்னார்கள். நாகேஸ்வரி கேட்டபோது, "வேற கந்தோர். அதே மொழிபெயர்ப்பு வேலைதான்" என்று சொல்லியிருக்கிறார். அது பொய்யும் இல்லை.

இதற்கு மேல் நான் சொல்பவற்றில் பெரும்பகுதி பல வருடங்களுக்குப் பிறகு அவரே என்னிடம் சொன்னது. மீதி நாகேஸ்வரி சொன்னது.

அந்த இடம் பெயர்ப்பலகை இல்லாத ஒரு பழைய பங்களா. பின்பக்க அறை ஒன்றில் ஒரு மேசையும், காலால் மிதித்து நிறுத்துகிற கசெட் மெசினும், காதில் மாட்டுகிற ஹெட்ஃபோனும் கொடுத்தார்கள். கொழும்பில் தமிழர்கள் தொலைபேசியில் கதைப்பதைக் கேட்டு அதைச் சிங்களத்தில் எழுத வேண்டும். ஒரு நாளைக்கு ஆறு கசெட். அவர் கையால் எழுதிக் கொடுப்பதை மக்கீன் என்ற தட்டெழுத்தாளர் சிங்களத்தில் அடிப்பார். மக்கீன் நானா கிராண்ட்பாஸ் ஆள். பேச்சுக் குறைவு. இரண்டு பேரும் ஒரே அறையில் இருந்து, வேலையைப் பற்றி ஒரு சொல்லும் பேசாமல் இரண்டரை வருடம் வேலை செய்தார்கள்.

முதல் மாதம் அக்காவுக்குச் சாப்பாடு இறங்கவில்லையாம். கனடாவில் இருக்கும் மகன் சீட்டுக் கட்டச் சொன்னதையும், கொழும்புக்கு வரப் பாஸ் கிடைக்காமல் வவுனியாவில் நிற்கும் தகப்பன் அழுததையும், புருசன் பெண்சாதிச் சண்டையையும் கேட்டு ஒவ்வொன்றாக எழுதினார். யாருடைய கதையைக் காலையில் எழுதினாரோ அந்த வீட்டுக்காரர் சிலரைப் பின்னேரம் மீன்கடையில் காண்பார். "என்னக்கா, முகம் வாடிக்கிடக்கு?" என்று அவர்கள் கேட்பார்கள். தலையிடி என்பார்.

வேலையை விட்டுவிடலாம் என்று யோசித்திருக்கிறார். அந்தக் காலத்தில் அப்படியான இடத்திலிருந்து ஒரு தமிழ்ப் பெண் காரணம் சொல்லாமல் விலகினால் என்ன நினைப்பார்கள் என்ற பயம் ஒரு பக்கம். மற்றப் பக்கம், தொண்ணூற்றேழில் ஒரு நாள் ஒரு கசெட்டில் பத்து வினாடி போகிற ஒரு கதை வந்தது. அது சாதாரணக் கதை இல்லை, குண்டு கொண்டுவருகிற கதை என்று அக்காவுக்கு உடனே விளங்கிவிட்டது. எழுதிக் கொடுத்தார். அடுத்த நாள் அங்கே பொறுப்பாயிருந்த இன்ஸ்பெக்டர் வீரகோன் மேசைக்கு வந்து, "மிஸ், நேற்று நீங்கள் போன பிறகு ஒரு லொறி பிடிபட்டது. அவ்வளவுதான் என்னால் சொல்லலாம்" என்றாராம். அன்று பின்னேரம் காலி வீதியில் பஸ்ஸுக்கு நின்ற பள்ளிப் பிள்ளைகளை அக்கா நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். அதற்குப் பிறகு வேலையை விடுகிற எண்ணத்தை ஒத்திப்போட்டார்.

இன்னொரு நாள் ஹெட்ஃபோனில் நாகேஸ்வரியின் குரல் வந்தது. யாரோ கண்காணிப்பில் இருந்த ஒரு வீட்டுக்காரியுடன் நாகேஸ்வரி கதைத்திருக்கிறாள். முதலில் முருங்கைக்காய் விலை. பிறகு, "அக்கா இப்ப முந்தின மாதிரி இல்லையடி. வீட்டில வாய் திறக்கிறதே இல்லை. எனக்கு ஒரு சுவரோட சீவிக்கிற மாதிரி இருக்கு" என்றாள். அதையும் அக்கா எழுதினார். மூன்று பக்கம். கடைசிப் பக்கத்தில் கையொப்பம் வைத்து மக்கீன் நானாவிடம் கொடுத்தார். வீட்டுக்குப் போய் அன்று நாகேஸ்வரியோடு வலிந்து கொஞ்சம் கதைத்தார். என்ன கதைப்பதென்று தெரியாமல் முருங்கைக்காய் விலையையே கேட்டாராம்.

தொண்ணூற்றெட்டு மார்ச்சில் ஒரு செவ்வாய்க்கிழமை கிராண்ட்பாஸில் ஒரு களஞ்சியம் எரிந்தது. உள்ளே இருந்த காவலாளிகள் இரண்டு பேர் செத்துப் போனார்கள். மின்சாரக் கோளாறா, யாராவது வைத்த தீயா என்று தெரியவில்லை. யாரோ வைத்தது என்றுதான் நகரம் நம்பியது.

புதன்கிழமை காலை கொட்டாஞ்சேனையில் இராஜநாயகம் என்பவர் வெள்ளவத்தையிலுள்ள தன் தங்கை கனகேஸ்வரிக்கு ஃபோன் எடுத்தார். இராஜநாயகம் புறக்கோட்டையில் ஒரு புடவைக் கடையில் சேல்ஸ்மன். ஐம்பது வயது. அவர்களுக்கு உறவில் பெறாமகனான ஒரு பெடியனுக்குக் கிராண்ட்பாஸில் பெண் பேசிக்கொண்டிருந்தார்கள். அந்தக் கசெட் வெள்ளிக்கிழமை அக்காவின் மேசைக்கு வந்தது. அதில் இருந்தது இதுதான்.

"அண்ணை, கிராண்ட்பாஸ் அலுவல் என்ன மாதிரி?"

"அதையேன் கேக்கிறாய். சிவமணி நேற்றுப் பின்னேரம் போய் நல்லாக் கொழுத்திப்போட்டிட்டு வந்திருக்கிறா. இனி அங்க ஒண்டும் மிஞ்சாது."

"ஐயோ, பெடியன் பாவம். குறிப்பும் பொருந்தி, கூறைச் சீலையும் பாத்தாச்சு."

"அவவுக்கு எரிச்சல். தன்ர மகளுக்கு இவனைக் கேட்டு நாங்கள் ஓம் எண்டு சொல்லேல்லை எண்டு."

சிவமணி அவர்களுடைய மச்சாள். பெண் வீட்டுக்குப் போய் மாப்பிள்ளையைப் பற்றி இல்லாததும் பொல்லாததும் சொல்லிக் குழப்பிவிட்டு வந்திருக்கிறாள். எங்கள் வீடுகளில் ஒருத்தி கோள் மூட்டினால் 'கொழுத்திப்போட்டிட்டாள்' என்று சொல்வது சர்வசாதாரணம். அக்கா அதை 'கேலாம் கிவ்வா', அதாவது கோள் சொன்னாள் என்று சிங்களத்தில் எழுதினார். தமிழ்ச் சொல்லுக்கு நேர்ப்பொருள் தீ வைத்தல் என்பதால், தவறாக விளங்கக் கூடாதென்று கீழே ஒரு குறிப்பும் போட்டார். இது ஒரு கலியாணப் பேச்சு, நெருப்புக் கதை அல்ல என்று.

பத்து நாள் கழித்து இராஜநாயகத்தைக் கடையில் வைத்துப் பிடித்தார்கள். அதைக் கேள்விப்பட்ட சிவமணி பயத்தில் அடுத்த கிழமையே இந்தியாவுக்குப் போய்விட்டாள். அவள் போனது சந்தேகத்தை இன்னும் பலமாக்கியது.

அக்காவுக்கு இது எதுவும் தெரியாது. கேட்பதும் எழுதுவதும்தான் அவர் வேலை. எழுதியது எங்கே போகிறது என்று சொல்லமாட்டார்கள். மே மாதத்தில் ஒரு நாள் மக்கீன் நானா ஒரு கட்டுக் காகிதத்தைக் கொண்டுவந்து வைத்தார். நீதிமன்றத்துக்குப் போகிற பிரதிகள். ஒவ்வொரு பக்கத்திலும் மொழிபெயர்ப்பாளர் கையொப்பம் வேண்டும்.

"கையெழுத்து வெச்சிடுங்க மிஸ்" என்றவர், போகாமல் நின்று, குரலைத் தாழ்த்திச் சொன்னார். "வாசிச்சிட்டு வைங்க."

இரண்டரை வருடத்தில் அவர் அந்த வேலையைப் பற்றிச் சொன்ன முதல் பேச்சு அது.

அக்கா வாசித்தார். ஏழாம் பக்கத்தில் 'கேலாம் கிவ்வா' இருக்கவேண்டிய இடத்தில் 'கினி திப்பா' என்று இருந்தது. தீ வைத்தாள். குறிப்பைக் காணவில்லை. ஜாதகம், கூறைச் சீலை, எரிச்சல் ஒன்றும் இல்லை. 'தொடர்பற்ற பகுதி நீக்கப்பட்டது' என்று ஒரு வரி. எஞ்சியிருந்தது கிராண்ட்பாஸ், சிவமணி, தீ, ஒன்றும் மிஞ்சாது.

காகிதத்தோடு வீரகோனிடம் போனார். இருவரும் சிங்களத்தில்தான் பேசினார்கள்.

"சேர், இது நான் எழுதியது இல்லை. இங்கே சொல் மாறியிருக்கிறது."

வீரகோன் கோபப்படவில்லை. அலுமாரியிலிருந்து தமிழ் சிங்கள அகராதியை எடுத்து, அடையாளம் வைத்திருந்த பக்கத்தைத் திறந்து காட்டினார். "கொளுத்துதல். தீ மூட்டுதல். உங்கள் பாஷை அகராதிதானே?"

"சொல் சரி சேர். ஆனால் அந்த மனுசன் சொன்னது அதை இல்லை."

"மனுசன் என்ன நினைத்தான் என்பது உங்களுக்கு எப்படித் தெரியும்? நீங்கள் மொழிபெயர்ப்பாளரா, அவனுடைய வக்கீலா?" அகராதியை மூடிவிட்டுச் சொன்னார். "செத்தவர்களில் ஒருவனுடைய வீட்டுக்கு நான் போனேன், மிஸ். அவன் தாய் என் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. நான் அவளுக்கு ஏதாவது ஒரு பெயர் சொல்ல வேண்டும்."

அக்கா தன் மேசைக்குத் திரும்பினார். பங்களாவின் முன்வாசலில் துவக்கோடு நிற்கும் இருவரையும் யன்னலால் பார்க்கலாம். தன்னைப் பற்றியும் ஒரு ஃபைல் எங்கேயாவது இருக்கும், தங்கையின் குரல் பதிந்த கசெட்டும் எங்கேயாவது இருக்கும் என்று நினைத்தார். பேனையை எடுத்துப் பதினான்கு பக்கத்திலும் கையொப்பம் வைத்தார். மக்கீன் நானா வந்து கட்டை எடுக்கும்போது அக்காவின் முகத்தைப் பார்க்கவில்லை.

அந்த வருடம் செப்டெம்பரில், ஒரு சனிக்கிழமை, இராஜநாயகத்தின் தங்கை கனகேஸ்வரி சரோஜினிதேவி அக்கா வீட்டுக்கு வந்தாள். அவள் இருந்தது பக்கத்து ஒழுங்கை. முன்பின் பழக்கம் இல்லை. சிங்களத்தில் நல்ல பெட்டிசன் எழுதுவார் என்று நான்தான் அனுப்பினேன். அதைச் சொல்ல வேண்டும்.

"அண்ணையைப் பிடிச்சு ஆறு மாசமாகுது, அக்கா. என்னோட ஃபோனில என்னவோ கதைச்சவராம். அதுதான் வழக்கு. நான் என்ன கதைச்சனான் எண்டு எனக்கே ஒழுங்கா ஞாபகம் இல்லை. கலியாணக் கதைதான் கதைச்சிருப்பம். வேற என்ன எங்களுக்குக் கதைக்க இருக்கு?"

அக்காவுக்கு ஒவ்வொரு சொல்லும் ஞாபகம் இருந்தது. எந்த இடத்தில் இருமினாள், எந்த இடத்தில் பின்னால் குக்கர் சத்தம் கேட்டது என்பதுவரை. அந்தக் குரல் இப்போது முன்கதிரையில் இருந்து கதைத்துக்கொண்டிருந்தது.

"எழுதுவம், பிள்ளை" என்றார்.

ஒன்றரைப் பக்கம் எழுதினார். என் சகோதரன் எந்தக் குற்றமும் செய்யாதவர், அவருக்கு நீரிழிவு உண்டு, விரைவில் விசாரித்து விடுதலை செய்ய வேண்டுகிறேன் என்று. வழக்கம்போலத் தமிழில் சொல்லிக் காட்டினார். "இதைத்தானே சொல்ல நினைச்சனீங்கள்?" என்று இந்தமுறை கேட்காமலே காகிதத்தை மடித்தார். கனகேஸ்வரி அதைக் கவனிக்கவில்லை. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். போகும்போது ஒரு சீப்பு வாழைப்பழத்தை மேசையில் வைத்துவிட்டுப் போனாள்.

அந்த வாழைப்பழத்தை நாகேஸ்வரிதான் சாப்பிட்டாள். அக்கா தொடவில்லை.

புதன்கிழமை அக்கா லீவு போட்டுவிட்டு, நீதிமன்றங்கள் இருக்கும் புதுக்கடைக்குப் போனார். இராஜநாயகத்துக்காக வாதாடுகிற சட்டத்தரணி சிவபாதசுந்தரத்தின் அறையைத் தேடிப்பிடித்து, கதவைச் சாத்தச் சொல்லிவிட்டு, நடந்ததை முழுக்கச் சொன்னார். தான் கையொப்பம் வைத்ததையும் சேர்த்து.

சிவபாதசுந்தரம் வயதான மனிதர். எழுதிக்கொண்டு வந்தவர் பாதியில் பேனையை மூடினார்.

"கசெட் இருக்கோ?"

"அழிஞ்சு போச்சு எண்டு சொல்லுவினம். கசெட்டைத் திரும்பப் பாவிக்கிறது வழக்கம். என்ர கையெழுத்துப் பிரதியையும் எரிச்சிருப்பினம்."

"அப்ப உங்கட வாய்ச்சொல் மட்டும்தான்."

"ஓம்."

"அம்மா, மொழிபெயர்த்தவர் எண்ட முறையில நான் உங்களை அழைக்கலாம். அதில சட்டப் பிழை இல்லை. ஆனா கூண்டில ஏறினா, இதை எப்பிடித் தெரியும், எத்தினை வருசமாய்க் கேட்டனீங்கள், ஆற்ற ஃபோனைக் கேட்டனீங்கள் எண்டு எல்லாம் வரும். அரசாங்கம் உங்களைச் சும்மா விடாது. அதை விடுங்கோ. வெள்ளவத்தை முழுக்க அண்டைக்குப் பின்னேரமே தெரிஞ்சிடும். அதை யோசிச்சனீங்களோ?"

"யோசிச்சுத்தான் வந்தனான்."

"பொறுத்து ஒரு மாசம் எடுங்கோவன்."

"நாலு மாசம் எடுத்திட்டன், ஐயா. அவர் உள்ளுக்கை இருக்கிறார்" என்றார் அக்கா.

வழக்கு அடுத்த வருடம் பெப்ரவரியில் எடுக்கப்பட்டது. அதற்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, அக்கா தங்கையைக் கூப்பிட்டு இருத்திச் சொன்னார். நாகேஸ்வரி முழுவதையும் கேட்டுக்கொண்டிருந்தாள். ஒரு கேள்விதான் கேட்டாள்.

"நான் கதைச்சதையும் கேட்டனியோ?"

"ஒருக்கா."

"எழுதிக் குடுத்தனியோ?"

"ஓம்."

நாகேஸ்வரி எழும்பிப் போய்ப் பாத்திரம் கழுவத் தொடங்கினாள். பதினொரு நாள் அக்காவோடு கதைக்கவில்லை. ஆனால் வழக்கு நாளன்று காலையில் அக்காவின் சேலையை இஸ்திரி போட்டுக் கதிரையில் வைத்திருந்தாள்.

கூண்டில் அக்கா சிங்களத்திலேயே சாட்சி சொன்னார். அந்தத் தொலைபேசிக் கதையை முதலிலிருந்து கடைசிவரை மனப்பாடமாகச் சொன்னார். எந்தச் சொல்லை எப்படி மொழிபெயர்த்தேன், எந்தச் சொல் மாறியிருந்தது என்று சொன்னார். அரச சட்டத்தரணி எழுந்தார்.

"ஏழாம் பக்கத்தில் இருப்பது உங்கள் கையொப்பமா?"

"என்னுடையது."

"வாசித்துவிட்டா வைத்தீர்கள்?"

"வாசித்துவிட்டுத்தான்."

"அப்போதே பிழை என்று தெரியுமா?"

"தெரியும்."

"அப்படியானால் நீங்கள் ஒரு பொய்க்குக் கையொப்பம் வைத்தவர். இன்று நீங்கள் சொல்வதை மன்று எதற்காக நம்ப வேண்டும்?"

"என்னை நம்புங்கள் என்று கேட்க நான் வரவில்லை. அன்று பயத்தில் வைத்தேன். அந்தச் சொல்லுக்கு எங்கள் வீடுகளில் என்ன அர்த்தம் என்று சொல்லத்தான் வந்தேன்."

"அதைச் சொல்ல உங்களுக்கு என்ன தகுதி?"

சிவபாதசுந்தரம் ஆட்சேபிக்க எழுந்தார். அக்கா அதற்கு முன்னரே பதில் சொல்லிவிட்டார்.

"மூன்று வருடமாக ஒரு நாளைக்கு ஆறு கசெட் கேட்டிருக்கிறேன். கொழும்பில் இருக்கும் தமிழ்ச் சனத்தின் வீட்டுக் கதை. அந்தச் சொல் அதில் எத்தனையோ தடவை வந்தது. மாமியைப் பற்றி, அயலட்டையைப் பற்றி, கந்தோரில் கூட வேலை செய்கிறவரைப் பற்றி. ஒருதடவைகூட நெருப்பைப் பற்றி வரவில்லை."

மன்றில் பின்வரிசையில் வெள்ளவத்தை ஆட்கள் நாலைந்து பேர் இருந்தார்கள். கனகேஸ்வரியும் இருந்தாள். அந்த வாக்கியம் சிங்களத்தில் சொல்லப்பட்டாலும் அவர்களுக்கு விளங்கியது. ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

நீதிபதி எழுதுவதை நிறுத்திவிட்டு, மன்றின் உரைபெயர்ப்பாளரைப் பார்த்தார். அவரும் ஒரு தமிழர். "உங்கள் வீட்டில் இந்தச் சொல்லை எப்படிப் பயன்படுத்துவீர்கள்?" என்று கேட்டார். அந்த மனிதர் எதிர்பார்க்கவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு, "என் மனைவி தன் தமக்கையைப் பற்றி இப்படிச் சொல்வதுண்டு, கனம் நீதிபதி அவர்களே" என்றார். யாரோ சிரித்தார்கள். நீதிபதி சிரிக்கவில்லை. அதை எழுதிக்கொண்டார்.

அடுத்த தவணைக்கு, அதுவரை பயத்தில் வாய் திறக்காமல் இருந்த பெண் வீட்டுத் தகப்பன் தானாக வந்தார். அந்தச் செவ்வாய்க்கிழமை பின்னேரம் சிவமணி தன் வீட்டுக்கு வந்ததையும், என்ன சொல்லிக் கலியாணத்தைக் குழப்பினாள் என்பதையும் சாட்சி சொன்னார். ஏப்ரலில் இராஜநாயகம் விடுதலையானார். களஞ்சியம் எதனால் எரிந்தது என்பது கடைசிவரை தெரியவரவில்லை. செத்த காவலாளிகளின் வீடுகளுக்கு யாரும் ஒரு பதிலும் சொல்லவில்லை. அக்கா அதையும் நினைத்துக் கவலைப்பட்டார்.

சட்டத்தரணி சொன்னது போலவே நடந்தது. பத்திரிகையில் பெயரோடு வந்தது. அன்று பின்னேரமே ஒழுங்கையில் கதை. என்ன கதைத்தோம், எப்போது கதைத்தோம் என்று ஒவ்வொரு வீட்டிலும் யோசித்தோம். ஒளித்து வைக்க எதுவும் இல்லாதவர்களுக்குத்தான் கூடக் கூச்சமாக இருந்தது. பெண்சாதியோடு கதைத்த கதை, பிள்ளைக்குச் சொன்ன பொய், மகளின் வருத்தம். அதற்குப் பிறகு சிங்களக் கடிதத்தை எடுத்துக்கொண்டு அந்த மாடிக்கு யாரும் ஏறவில்லை. டியூசனுக்கு வந்த பிள்ளைகளைத் தாய்மார் நிற்பாட்டினார்கள். ஒரு மனிதனைக் காப்பாற்றத்தான் இதைச் சொன்னார் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் பேசாமல் இருந்தோம். நான் ஒழுங்கையில் அவர் வருவதைக் கண்டு, பையில் எதையோ தேடுவது போலக் குனிந்திருக்கிறேன்.

ஒரு நாள் காலையில் அக்கா வீட்டுக் கதவுக்குக் கீழே ஒரு துண்டுக் காகிதம் கிடந்தது. 'துரோகி' என்று தமிழில் ஒரு சொல். அதே கிழமை கந்தோரிலிருந்து ஒரு கடிதம். அனுமதியின்றி உத்தியோக விடயங்களை வெளிப்படுத்தியமைக்காகப் பணி இடைநிறுத்தம். அக்கா இரண்டையும் ஒரே உறையில் போட்டு வைத்தார் என்று நாகேஸ்வரி சொன்னாள். விசாரணை எட்டு மாதம் நடந்தது. முடிவில் கட்டாய ஓய்வு கொடுத்து அனுப்பினார்கள். மக்கீன் நானாவையும் சாட்சிக்குக் கூப்பிட்டார்களாம். தனக்கு எதுவும் தெரியாது என்று சொல்லிவிட்டார். அவருக்கு நாலு பெண்பிள்ளைகள். அக்காவுக்கு அவரில் கோபம் இருக்கவில்லை.

இராஜநாயகம் வரவில்லை. புடவைக் கடையில் அவரைத் திரும்ப எடுக்கவில்லை என்றும், புத்தளம் பக்கம் போய்விட்டார் என்றும் கேள்வி. கனகேஸ்வரி வந்தாள். கதிரையில் இருக்கச் சொல்லியும் இருக்கவில்லை.

"உங்களுக்கு நன்றி சொல்ல வேணும் எண்டு அண்ணை சொல்லி விட்டவர்."

"இருங்கோ, பிள்ளை."

"அண்டைக்கு என்ர முன்னால இருந்து பெட்டிசன் எழுதேக்க, உங்களுக்கு எல்லாம் தெரியும், என்ன?"

"தெரியும்."

"நான் அழுதனான். நீங்கள் பாத்துக்கொண்டு இருந்தனீங்கள்."

கனகேஸ்வரி இன்னும் கொஞ்ச நேரம் வாசலில் நின்றாள். பிறகு படியிறங்கிப் போனாள்.

இரண்டாயிரமாம் ஆண்டு சகோதரிகள் இருவரும் கல்கிசைக்கு மாறினார்கள். ஒரு வீட்டின் பின்பக்கத்தில் இரண்டு அறை. நாகேஸ்வரி அக்காவை விட்டுப் போகவில்லை. புது இடத்தில் மறுபடி டியூசன் தொடங்கினாள். அக்கா பெரிய ஆட்களுக்குச் சிங்களம் சொல்லிக்கொடுத்தார். பொலிசில் எழுதித் தரும் வாக்குமூலத்தைக் கையொப்பம் வைக்க முதல் தாங்களே வாசித்து விளங்க வேண்டும் என்று வருகிற ஆட்கள். மலையகத்திலிருந்து வந்து கடைகளில் வேலை செய்கிற இளம்பெண்கள், முச்சக்கர வண்டிக்காரர். நாலு பேர் ஆறு பேராக, பிறகு பத்துப் பேராக வந்தார்கள். அவர்களுக்கு அவருடைய பழைய கதை தெரியுமா என்று நான் கேட்டேன். சேரும்போதே முதல் நாளில் தானே சொல்லிவிடுவாராம். சிலர் அடுத்த நாள் வருவதில்லை.

நான் அங்கே போனது இரண்டாயிரத்து ஒன்றில். தம்பியின் மகனுக்கு ஒரு பொலிஸ் கடிதம் வந்திருந்தது. வேறு யாரிடமும் காட்ட மனம் வரவில்லை. இரண்டு வருடமாக முகம் பார்த்துப் பேசாதவரிடம் எப்படிப் போவதென்று பஸ்ஸில் இருந்தே யோசித்துக்கொண்டு போனேன். கதவைத் திறந்தவர், நேற்றுக் கண்ட ஆளை வரவேற்பது போல, "வாங்கோ பிள்ளை, இருங்கோ" என்றார். மெலிந்திருந்தார். கடிதத்தை வாசித்துச் சொன்னார். பயப்பட ஒன்றுமில்லை, முகவரி மாற்றம் பற்றிய விசாரணைதான். பதிலும் எழுதித் தந்தார்.

பிறகு நான் கேட்காமலே இதெல்லாம் சொல்லத் தொடங்கினார். ஒரு தடவையிலேயே இல்லை. அன்று கொஞ்சம், பிறகு போன நாட்களில் கொஞ்சம். அந்தக் கசெட்டுகளைக் கேட்டது முழுக்கப் பிழை என்று அவர் ஒருநாளும் சொல்லவில்லை. குண்டு வைக்கிறவனை எப்படியாவது பிடிக்கத்தானே வேண்டும் என்றார். தான் எழுதியதை மாற்றமாட்டார்கள் என்று நம்பியதுதான் பிழை, அதைவிடப் பெரிய பிழை கையொப்பம் வைத்துவிட்டு இருந்த அந்த நாலு மாதம் என்றார்.

நான் முதல்முறை போன அன்று நாகேஸ்வரி தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். அக்கா கோப்பையை என் பக்கம் தள்ளிக்கொண்டே, "அம்மாவின்ர முழங்கால் இப்ப எப்பிடி?" என்று கேட்டார்.

அம்மாவுக்கு முழங்கால் ஒப்பரேசன் செய்ய வேண்டும் என்பதையும், செய்யப் பயந்து அவர் அழுததையும் தொண்ணூற்றேழில் நான் கொட்டாஞ்சேனையிலிருந்த என் மச்சாளுக்கு மட்டும்தான் சொன்னேன். ஃபோனில். அக்காவிடம் சொன்னதே இல்லை.

நான் கோப்பையை எடுக்காமல் இருந்ததைக் கண்டதும் அவருக்கு விளங்கிவிட்டது. கை அப்படியே மேசையில் நின்றது.

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ, பிள்ளை" என்றார். "தெரிஞ்சதை எனக்குத் தெரியாமல் ஆக்கேலாது."

பக்கத்து அறையில் நாகேஸ்வரி ஒரு பிள்ளைக்குப் பின்னக் கணக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் தேத்தண்ணியை எடுத்துக் குடித்தேன். சூடு ஆறவில்லை.

"ஒப்பரேசன் செய்தாச்சு அக்கா" என்றேன். "இப்ப நடக்கிறா. சந்தைக்குத் தனியப் போய் வாறா."